கோட்டுக்கு வெளியே: மதுரைச் சமவெளியில் பிள்ளைகளின் கால்பந்து

2019 மே மாதம் லூதியானாவின் குரு நானக் விளையாட்டரங்கில் இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்ற கணக்கில் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது சேது எஃப்.சி. மதுரைப் பெயரில் ஆடும் சங்கம் அது. காரியாபட்டிப் பக்கம் புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியின் குடும்பத்தைச் சேர்ந்த சீனி முகைதீன் 2016இல் தொடங்கியது. லீக்கில் முதன்முதலாக ஆடியது 2017–18 பருவத்தில். அடுத்த பருவமே பட்டம். 2022இல் புவனேஸ்வரத்தில் கோகுலம் கேரளாவிடம் கடைசி ஆட்டத்தை இழந்து இரண்டாம் இடத்தில் நின்றது. இந்திய மகளிர் கால்பந்துக்குத் தாய்வீடு மணிப்பூர். அந்த மண்ணின் அணியை, கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பெயர்போன ஒரு சமவெளியின் சங்கம் வென்றது சாதாரணக் காரியம் இல்லை.

பட்டம் வென்ற அணியில் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பலர். தொழில்முறைச் சங்கம் நாடெங்கும் தேடித்தான் ஆள் எடுக்கும்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ இருக்கிற பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு அந்தக் கோப்பையைப் பார்த்து ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருகிற சனிக்கிழமை அவள் எங்கே போய்ப் பந்தை உதைப்பாள்? யார் விசில் ஊதுவார்கள்? ஆட்டம் முடிந்தால் எந்தப் பேருந்தில் வீடு திரும்புவாள்? ஊரார் சேர்ந்து நடத்தும் பிள்ளைகள் கால்பந்து நிலைப்பதும் கலைவதும் ஆட்டத் திறமையால் என்பதைவிட, எல்லைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் இத்தகைய காரியங்களால்தான் என்று நினைக்கிறேன். பேருந்து நேரம், கழிப்பறை, தெருப் பகை, டியூஷன், மைக் யார் கையில் என்பது வரை எல்லாம் இதில் சேரும்.

ஊரே நடத்தும் பிள்ளைகள் விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ‘பாப் வார்னர்’ அமைப்பு. அது பிறந்த கதை கேட்கத்தக்கது. 1929இல் பிலடெல்பியாவில் ஒரு தொழிற்சாலையின் பெரிய கண்ணாடிச் சன்னல்களைப் பக்கத்துக் காலிமனையில் திரிந்த பையன்கள் கல்லெறிந்து உடைத்தபடி இருந்தார்கள். தொழிற்சாலைக்காரர்கள் ஜோ டாம்லின் என்ற நண்பரிடம் யோசனை கேட்டார்கள். அவர் காட்டிய வழி, அந்தப் பையன்களைக் கொண்டே ஒரு கால்பந்து லீக் நடத்துவது. நான்கு அணிகளோடு தொடங்கியது. 1934இல் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்டு நாடெங்கும் பரவியது. அது தலைக்கவசம் மாட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. நம் ஆட்டம் அல்ல. ஆனால் அதன் இயக்கமுறையில் நாம் கற்க நிறைய உண்டு. வயதையும் எடையையும் சேர்த்துப் பார்த்தே பிள்ளைகளை அணி பிரித்தார்கள். பயிற்சியாளர், நடுவர், சிற்றுண்டி விற்பவர் என்று எல்லா வேலைகளையும் பெற்றோரே எடுத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் சிறுமிகளுக்கென்று சியர்லீடிங் அணிகளும் அதில் சேர்ந்தன. பையன்கள் கோட்டுக்கு உள்ளே, பெண் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. சியர்லீடிங் பெண்களுக்கென்றே பிறந்ததல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று கோஷத்தை வழிநடத்தியதிலிருந்து அது தொடங்குகிறது. அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் அந்த இடத்துக்கு வந்தது 1923இல். கல்வி நிலையங்களில் பாலின வேறுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 1972இல் வந்த பிறகுதான் பள்ளி கல்லூரிப் பெண்களுக்குத் திடலின் கதவு அகலத் திறந்தது. இன்று சியர்லீடிங்கே கரணமும் தூக்கலும் கொண்ட போட்டி விளையாட்டாகிவிட்டது. அதன் உலக அமைப்புக்கு 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு முழு அங்கீகாரம் தந்தது. இந்தியர்களில் பெரும்பாலோர் அதை முதலில் பார்த்தது 2008இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டில். இறக்குமதி செய்த அலங்காரமாக வந்தது, விவாதத்தைக் கிளப்பியது, ஊர்ப் பிள்ளைகளிடம் வேர்விடவில்லை.

பையன்கள் உள்ளே, பெண் பிள்ளைகள் வெளியே என்ற அந்த வரிசை மதுரையில் மாறியே இருக்கிறது. இங்கே நாட்டின் பட்டத்தை வென்றது பெண்கள் அணி. இந்தச் சமவெளியில் பிள்ளைகள் கால்பந்துத் திட்டம் தொடங்குகிறவர்கள் பெண் பிள்ளைகளை முதலில் கோட்டுக்கு உள்ளே நிறுத்திவிட்டு, பிறகு வெளியே யார் ஆரவாரம் செய்வது என்று யோசித்தால் போதும்.

முதல் தேவை இடம். மதுரைக்கு இந்த விஷயத்தில் விசித்திரமான ஒரு வரலாறு உண்டு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல ஆண்டுகள் நீரின்றிக் கிடந்தது. தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது நீர் நிரப்புவார்கள். மற்ற நாட்களில் அந்தப் பரந்த தரைதான் சுற்றுவட்டாரப் பையன்களின் மைதானம். மைய மண்டபத்தைச் சுற்றிக் கிரிக்கெட் நடக்கும். இடம் கிடைத்த ஓரத்தில் பந்தும் உருளும். சில ஆண்டுகளுக்கு முன் வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து சேர வழி செய்தபின் குளம் நிரம்பி நிற்கிறது. குளம் நிரம்பியது ஊருக்கு நல்லது. நிலத்தடி நீர் உயர்கிறது, மாலையில் ஊரே வந்து கரையில் உட்கார்கிறது. அதே சமயம் அத்தனை பையன்கள் இழந்த திடலுக்கு மாற்று என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மைதானம் என்பது நகரத்தின் தேவைப் பட்டியலில் தனி வரியாக இல்லாததே காரணம். எது காலியாகக் கிடக்கிறதோ அது மைதானம். அதற்கு ஒரு பயன் வந்ததும் பிள்ளைகள் எழுந்து போகவேண்டும்.

கிராமப்புறத்தில் இதே கதை கண்மாயில் நடக்கிறது. கோடையில் வற்றிய கண்மாய்த் தரை ஊரின் பெரிய திடல். ஆனால் அதில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். அந்த முள் வெறுங்காலையும் விடாது, பந்தையும் விடாது. ஐப்பசி மழை வந்தால் கண்மாய் பெருகி மூன்று நான்கு மாதம் ஆட்டம் இல்லை. மண்ணும் ஒரே மாதிரி இல்லை. மேலூர்ப் பக்கம் செம்மண், காய்ந்தால் சரளை உரசி முழங்கால் தோல் உரியும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல். கோடையில் பாளம்பாளமாக வெடித்துக் கணுக்காலைப் பிசகவைக்கும், மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு நடக்கவிடாது. எந்த மண்ணில் எந்த மாதம் ஆடலாம் என்பதைப் பார்த்துத்தான் பருவ அட்டவணையை எழுதவேண்டும். வேறு ஊர்க் கையேட்டைப் பார்த்து எழுதினால் இரண்டாம் மாதமே ஆட்டம் நின்றுபோகும்.

மிஞ்சுவது பள்ளி மைதானம். அதுதான் சரியான இடமும்கூட: சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். பெரியவர்களின் திடல் 90 முதல் 120 மீட்டர் நீளமும் 45 முதல் 90 மீட்டர் அகலமும் இருக்கவேண்டும் என்பது விதி. அப்படி ஒரு திடலுக்குக் காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விடுவார்கள். 60க்கு 40 மீட்டர் உள்ள ஒரு பள்ளி மைதானத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரிபாதியாகப் பிரித்தால் 30க்கு 20 மீட்டரில் நான்கு சிறு திடல்கள் கிடைக்கும். ஐவருக்கு ஐவர் என்றால் ஒரே நேரத்தில் 40 பிள்ளைகள் ஆடலாம். கோல் போஸ்டுக்கு இரண்டு செங்கல் போதும். சின்னத் திடலில் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும்; பெரிய திடலில் பதினொருவரில் ஏழு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பந்தும் அளவாக இருக்கவேண்டும். 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும் 410 முதல் 450 கிராம் எடையும் உள்ள 5ஆம் எண் பந்து பெரியவர்களுக்கானது. 12 வயதுக்குக் கீழே 4ஆம் எண், இன்னும் சிறியவர்களுக்கு 3ஆம் எண். 5ஆம் எண் பந்தை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் உதைக்கப் பயப்படக் கற்றுக்கொள்ளும்.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் தொடங்கிய ‘கோல்டன் பேபி லீக்’ இந்த அடிப்படையில்தான் எழுந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள், சின்ன அணிகள், ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம், நடத்துவது ஊராரும் பெற்றோரும். அதற்கு வழிகாட்டியது மிசோரமில் அதற்குமுன் நடந்த பிள்ளைகள் லீக். தமிழ்நாட்டிலும் கருவிக்குப் பெரிய குறையில்லை. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்பு தரும் திட்டத்தை அரசு 2024இல் தொடங்கியது. மதுரை மாவட்டத்தில் மட்டும் அப்போது 420 ஊராட்சிகள். ஊராட்சி அலுவலக அலமாரியில் பந்து இருந்தும் ஆட்டம் நடக்காத ஊர் இருந்தால், குறை பந்தில் இல்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அலமாரியைத் திறந்து, ஒன்றரை மணி நேரம் உடனிருந்து, பந்தை எண்ணி உள்ளே வைக்கும் ஓர் ஆள் இல்லை என்பதே குறை. அந்த ஆளுக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பது பத்துப் பந்து வாங்குவதைவிடப் பெரிய உதவி. உடற்கல்வி ஆசிரியர் மரபு நம்மிடம் பழையது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து தலைமுறை தலைமுறையாக பி.டி. மாஸ்டர்கள் வந்திருக்கிறார்கள். பல பள்ளிகளில் அவர்தான் காலை வழிபாட்டையும் பார்க்கிறார், ஒழுங்கையும் பார்க்கிறார், தேர்தல் பணிக்கும் போகிறார். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களை அழைப்பதே முதல் வேலை என்பேன்.

அடுத்தது அணி பிரிப்பது. இதில்தான் நம் ஊர் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. இதைப் பேசாமல் எழுதும் எந்தத் திட்டமும் பொய்.

நம் கிராமத்தில் அணி என்றால் தெரு அணி. தெருவின் பெயர் பெரும்பாலும் சாதியின் மறுபெயர். மன்றத்தின் பெயரும் ஜெர்சியின் நிறமும் பல இடங்களில் அதையே சொல்லும். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நடக்கும் கபடிப் போட்டியில் கடைசி ஆட்டம் இரண்டு தெருக்களுக்கு இடையே அமைந்துவிட்டால், நடுவர் கொடுக்கும் ஒரு புள்ளி இரவோடு இரவாக வேறொன்றாக மாறிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு பள்ளிக்கு வருவதைத் தடுக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. மணிக்கட்டுக் கயிற்றைப் பற்றி ஓர் அரசுக் குழு எழுதவேண்டிய நிலை இருக்கும் மாநிலத்தில், பிள்ளைகளுக்கு ஜெர்சி தைக்கக் கொடுப்பவர் நிறத்தைப் பற்றி இரண்டு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

தெரு அணிகளை வைத்து லீக் நடத்தக்கூடாது. பிள்ளைகளைத் தனித்தனியே பெயர் பதிந்து, வயதும் உயரமும் பார்த்து வரிசைப்படுத்தி, சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கவேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் குவிந்தால் மறுபடி குலுக்கவேண்டும். சிறியவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க நிலையான அணியே வேண்டாம். ஒவ்வொரு வாரமும் இரண்டு நிற மேல்பனியன்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். இன்று எதிரே ஓடியவன் அடுத்த வாரம் பந்தைத் தள்ளிவிடுவான். தண்ணீர் ஒரே குடத்திலிருந்து, ஒரே டம்ளரில். இது ஆண்டாண்டாக வந்த பழக்கத்தைத் தொடும் விஷயம். முதல் மாதம் சில பெற்றோர் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அவர்களுக்காக விதியைத் தளர்த்தினால் திட்டம் அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு தெரு மன்றமாக முடியும். எண்ணிக்கை குறைந்தாலும் தளர்த்தாமல் இருப்பதே நல்லது.

சென்னை வியாசர்பாடி இதற்கு அருகில் வரும் உதாரணம். அங்கே அந்தப் பகுதியிலேயே வளர்ந்து கால்பந்து ஆடிய உமாபதியும் தங்கராஜும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கி, முல்லை நகர் மைதானத்தில் பயிற்சி நடத்திவருகிறார்கள். சங்கத்தின் பெயரிலேயே விளையாட்டோடு கல்வியும் இருக்கிறது. மாலையில் பந்து, அதோடு சேர்ந்து பாடம் என்பது அவர்கள் முறை. வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்திருந்தால் சில ஆண்டுகளில் நின்றிருக்கும் வேலையை, உள்ளூர்க்காரர்கள் என்பதால் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதே அதில் நான் காணும் பாடம். மதுரையில் செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ வில்லாபுரத்திலோ அப்படி ஆடி முடித்த அண்ணன்கள் இருப்பார்கள். அவர்களைப் பயிற்சியாளராக்க முதல்நிலை உரிமம் எடுக்கவைப்பது செலவுக்குரிய செலவு.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தின் மிகச் சிறந்த கதை கடலூரில் நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடும் உறவும் இழந்த குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். தங்கும் இடம், சாப்பாடு, பள்ளிக்கூடம், பந்து நான்கும் ஒன்றாகக் கிடைத்த ஏற்பாடு அது. அங்கிருந்து வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2017–18 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கில் ஆடியது. அதே பருவத்தில்தான் சேது எஃப்.சி.யும் முதன்முதலாக ஆடியது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என்று வென்று தேசிய மகளிர் பட்டத்தை எடுத்தது. அந்தத் தலைமுறையின் முகம் கடலூர் இந்துமதி கதிரேசன். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்.

அந்தக் கடைசித் தகவலைத்தான் மதுரைப் பக்கத்துப் பெற்றோர் முதலில் கேட்பார்கள். பந்து உதைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் தகப்பனைக் குறுகிய மனம் உடையவர் என்று ஒதுக்கிவிட முடியாது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாலை நேரம் என்பது தண்ணீர் பிடிக்கவும், தம்பியைப் பார்க்கவும், அடுப்பு பற்றவைக்கவும் தேவைப்படும் நேரம். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் சேர்க்கை உண்டு. குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏணி இருக்கிறது. 1960இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பையில் 2012 முதல் பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்க ஒருவர் போகவேண்டும். அவர் பெண்ணாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நான்கைந்து சின்ன ஏற்பாடுகளில் இருக்கிறது. அரைக்கால் டிரவுசர் போடவேண்டும் என்பதற்காகவே அனுப்பாத வீடுகள் உண்டு. முழுநீள லெகின்ஸ் மேல் டிரவுசர் என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். தலையை மூடும் துணியோடு ஆட உலகக் கால்பந்து விதி 2014இலேயே அனுமதித்துவிட்டது. கோரிப்பாளையத்துப் பெண் பிள்ளைக்கும் அவள் அம்மாவுக்கும் இதைத் தெரியப்படுத்தவேண்டும். பூட்டில்லாத, தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். நாப்கின் ஒரு டப்பாவில் இருக்கவேண்டும், கேட்டு வாங்கும்படி வைக்கக்கூடாது. பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைக் கடைசி டவுன் பஸ் தீர்மானிக்கவேண்டும், பயிற்சியாளர் தீர்மானிக்கக்கூடாது. திடலில் எந்த நேரமும் பெரியவர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பெண். தனியாக ஒரு பிள்ளையை எவரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மைதானத்துக்கு வரும் ஒவ்வொரு பெரியவரும் தெரிந்திருக்கவேண்டும். புகார் யாரிடம் சொல்வது என்பது சுவரில் தமிழில் எழுதியிருக்கவேண்டும்.

இனி ஆரவாரம். சியர்லீடிங் என்ற வடிவம் நம்மிடம் இல்லை என்றாலும், ஆட்டக்காரனை உசுப்பும் கலையில் மதுரைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக நடக்கும் ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவரை நினைத்துப் பாருங்கள். மாடு யாருடையது, எந்த ஊர், பிடித்தால் என்ன பரிசு, யார் கொடுக்கிறார் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். சைக்கிள், அண்டா, கட்டில், பீரோ, தங்கக்காசு என்று பரிசு ஏறும், குரலும் ஏறும். இரவுக் கபடிப் போட்டியிலும் அதே மைக் செட், அதே வேகம். கூட்டத்தை ஆட்டத்துக்குள் இழுக்கும் உண்மையான வேலையைச் செய்வது அந்தக் குரல்தான். ஆனால் அது எப்போதும் ஆணின் குரல். அது கூப்பிடும் பெயர்களில் ஊர்ப் பெரியவரின் பட்டமும் சாதிப் பெயரும் கலந்தே வரும்.

பிள்ளைகள் லீக்கில் அந்த மைக்கைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். ஒரு வாரம் ஆடாத அணி அடுத்த ஆட்டத்துக்கு வர்ணனை செய்யும்; பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி ஊர் கேட்க ஆட்டத்தைச் சொல்லட்டும். பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், சட்டை எண் தவிர வேறு எதையும் சொல்லக்கூடாது என்பது ஒரே விதி. பறைக்கும் ஒயிலாட்டத்துக்கும் இந்த மாவட்டத்தில் ஆள் குறைவில்லை. ஒயிலாட்டத்தின் வரிசையும் கைக்குட்டையும் அடவும் இடைவேளையில் கோட்டோரத்தில் நிற்க அப்படியே பொருந்தும். தனியாகப் பயிற்சி கொடுத்து ஓர் ஆரவார அணி உருவாக்குவதானால் ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்கவேண்டும். கால்பந்து ஆடாத பிள்ளையும் அதில் சேர்ந்து தானும் ஓர் அணியில் இருப்பதாக உணரும். பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவராக ஏற்றி நிறுத்தும் மனிதக் கோபுரம் மட்டும் வேண்டவே வேண்டாம். சியர்லீடிங்கில் கடுமையான காயங்கள் பலவும் தூக்கி எறிந்து பிடிக்கும் கரணங்களிலிருந்தே வருகின்றன. கெட்டித் தரையில், மெத்தை இல்லாமல், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் இல்லாமல் அதைச் செய்வது பிள்ளையின் கழுத்தைப் பணயம் வைப்பது.

பெற்றோரின் ஆரவாரமும் கண்காணிக்க வேண்டியது. ஆறு வயதுப் பிள்ளையைக் கோட்டோரத்திலிருந்து திட்டும் தகப்பனை நாடெங்கும் காணலாம். எட்டு, ஒன்பது வயதுவரை கோல் கணக்கைப் பலகையில் எழுதாமலேயே ஆடலாம். யார் வென்றார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகாது. பெரியவர்களின் சண்டைக்கு மட்டும் ஓர் ஆதாரம் குறையும்.

வயதுச் சான்றிதழ் இன்னொரு தொல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைத்தோ கூட்டியோ எழுதிய பழக்கத்தால் பன்னிரண்டு வயதுப் பிரிவில் மீசை முளைத்தவர் ஆடுவது நமக்குப் புதிதல்ல. மேல்நிலைப் போட்டிகளில் மணிக்கட்டு எலும்பின் எக்ஸ்ரே பார்த்து வயதை மதிப்பிடுகிறார்கள். ஊர் லீக்குக்கு அவ்வளவு தேவையில்லை. பிறப்புச் சான்றிதழோடு உயரத்தையும் எடையையும் குறித்து, பெரிய உடம்புக்காரரை அடுத்த பிரிவுக்கு ஏற்றிவிட்டால் சின்னப் பிள்ளைகளின் கால் தப்பும்.

பணம் திரட்டுவது நம் ஊருக்குக் கைவந்த வேலை. திருவிழா வசூல் நோட்டில் ஆயிரம் பெயர் எழுதத் தெரிந்த விழாக் கமிட்டிக்கு ஒரு லீக்கின் செலவு பெரிய தொகை அல்ல. நன்கொடையாளரின் படம் பிள்ளைகளின் ஜெர்சியில் ஏறக்கூடாது, கணக்கு ஒவ்வொரு மாதமும் பள்ளிச் சுவரில் ஒட்டப்படவேண்டும் என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு வசூலுக்குப் போகலாம்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு வயதில் பிள்ளைகள் கொத்தாக நின்றுவிடுகிறார்கள். பையன்கள் பத்தாம் வகுப்பில் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகள் அதற்கு முன்பே, பூப்பெய்தியதும் நிற்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலை சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தேர்வு, ஞாயிறு டியூஷன். இதை எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது. அந்த ஆண்டில் வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரை வரை மட்டும் வந்தால் போதும் என்று தனிப் பட்டியல் வைக்கலாம். ஓட முடியாத வாரத்தில் சின்னவர்களின் ஆட்டத்துக்கு விசில் ஊத வரலாம்; நடுவராக நிற்கும் பதினைந்து வயதுப் பெண் பிள்ளைக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுக்கவும் வேண்டும். பூப்பெய்திய பிள்ளை நின்றுபோனால் இரண்டாம் வாரமே பெண் பயிற்சியாளர் அந்த வீட்டுக்குப் போகவேண்டும், மூத்த ஆட்டக்காரி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு. மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த நேரத்துக்கு வீட்டில் வேறு வேலை பழகியிருக்கும். வருகைப் பதிவேட்டில் இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து காலியாக இருக்கும் பெயரைப் பார்த்து அன்றைக்கே கிளம்பும் ஓர் ஆளுக்கு டவுன் பஸ் கட்டணமும் ஊக்கத்தொகையும் அந்த வசூல் நோட்டின் முதல் செலவாக இருக்கட்டும்.